கண்காணாக் கசிவு

வரப்படியில் ஒரு நண்டுவளை போதும், வயல்நீர் முழுதும் ஓடிவிடும். திருத்துறைப்பூண்டி உழவர்க்கு இதனை எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. சுரங்கக் கழிவைத் தேக்கும் கரைக்கும் அஃதே நெறி. ஆங்கு ஓடுவது நஞ்சு!

தமிழ்த் தொழிலாளர் குருதி சிந்தித் தோண்டிய கோலார் தங்கச் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. சயனைடு கலந்து பொன் பிரித்த கழிவுமண்ணோ மலைமலையாய் இன்றும் கிடக்கின்றது. அதனூடே இறங்கும் மழைநீர் எங்குச் செல்கின்றது? மேலே நின்று காண்பார்க்குத் தெரியாது. துளையிட்டு நீரழுத்தம் அளத்தல் வேண்டும். அண்டைக் கிணற்றுநீரைப் பருவந்தோறும் ஆய்தல் வேண்டும். கசியுமிடத்துக் களிமண் தடுப்புச்சுவரும் மணல் வடிகாலும் அமைத்தல் வேண்டும்.

பிரேசில் நாட்டுப் புருமாதினோவில், உள்நீர் வடியாத கழிவணை 2019-இல் சரிந்து 270 பேர் மாண்டனர்.

பொன்னை வாரியோர் நஞ்சை உழைத்தோர் வாயிலில் விட்டுச் செல்வதோ? ஆய்வைக் கேட்டுப் பெறுதல் நம் கடன்!