அரை மூடி அமைதி

லண்டனுக்கு டிக்கெட் போட்டாயிற்று என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்துபோன ஒருவர்கூட விசா கிடைத்ததா என்று கேட்கவில்லை. ஒன்றே முக்கால் வயதுப் பெண்ணைப் பதினோரு மணி நேரம் விமானத்தில் எப்படிச் சமாளிக்கப் போகிறாய் என்றுதான் கேட்டார்கள். கேட்ட கையோடு பதிலையும் அவர்களே சொன்னார்கள். "அந்தச் சளி சிரப் இருக்குல்ல, ஏறுனதும் அரை மூடி குடுத்துரு. இறங்குற வரைக்கும் அசையாது" என்றார் பெரியம்மா. அமெரிக்காவில் மகளுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு வந்த மாடிவீட்டு அக்காவோ, அரை மூடி பத்தாது, ஒரு மூடியே கொடுக்கலாம் என்றார். அலுவலகத் தோழி மருந்துப் புட்டியைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தாள்.

அந்தப் படத்தோடு மருந்துக்கடைக்குப் போனேன். வாங்கத்தான் போனேன், மறைப்பானேன். கடைப்பையன் படத்தைப் பார்த்தான், புட்டியை எடுத்து மேசையில் வைத்தான். சளியா, காய்ச்சலா, பாப்பா எத்தனை கிலோ, வேறு மருந்து ஏதாவது போகிறதா என்று ஒரு கேள்வி இல்லை. "ஃப்ளைட்டாக்கா?" என்று மட்டும் கேட்டான். மே மாதம் இது நன்றாகப் போகுமாம்.

அவன் அப்படிக் கேட்டதுதான் என்னை நிறுத்தியது. ஊரே சேர்ந்து ஒரு சளி மருந்தைத் தூக்க மருந்தாகப் பெயர் மாற்றி வைத்திருக்கிறது. விமானம் ஏறும் குழந்தைக்கு மயக்கம் கொடுப்பது பொறுப்பான பெற்றோரின் கடமை என்று ஆகிவிட்டது. இதைவிட ஆபத்தான ஒரு நல்லெண்ணத்தை நான் பார்த்ததில்லை.

இந்த சிரப்களில் இருப்பவை பெரும்பாலும் குளோர்பெனிரமின், புரோமெத்தசின், டைபென்ஹைட்ரமின் போன்ற பழைய ஒவ்வாமை மருந்துகள். மூக்கொழுகலையும் அரிப்பையும் கிளப்பும் ஹிஸ்டமினைத் தடுப்பது இவற்றின் வேலை. ஆனால் மூளைக்குள்ளும் ஹிஸ்டமின் இருக்கிறது, அங்கே அது நம்மை விழிப்பாக வைத்திருக்கிறது. இந்த மருந்துகள் அங்கேயும் நுழைந்து அதையும் மட்டம்தட்டிவிடுவதால் கண் சொருகுகிறது. ஆக, நாம் காசு கொடுத்து வாங்குவது மருந்தை அல்ல, அதன் பக்கவிளைவை. அதுவும் நிச்சயமில்லை. சில குழந்தைகளுக்கு இது நேர்மாறாக வேலை செய்யும். தூங்குவதற்குப் பதிலாகப் பரபரத்து, கத்தி, எதற்கும் அடங்காமல் திமிறும். அரை மூடியை ஊற்றிவிட்டு நடுவானில் பம்பரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மட்டும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவதில்லை.

பரபரப்பாவது ஒரு ராத்திரியோடு போகும். புரோமெத்தசினை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2004-இல் கட்டம் கட்டி எச்சரித்தது. மூச்சு அடங்கிப்போய்க் குழந்தைகள் இறந்திருந்தார்கள் என்பதே காரணம். நம் ஊரிலும், குளோர்பெனிரமினும் பினைலெஃப்ரினும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குத் தரக் கூடாது என்று புட்டியிலேயே அச்சிடும்படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. 2025 அக்டோபரில், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதவோ கொடுக்கவோ கூடாது என்று மத்திய சுகாதாரத் துறை சொன்னது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஒரு இருமல் சிரப்பைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்ட சமயம் அது. அங்கே கொன்றது டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சுக் கலப்பு, சளி மருந்தின் குணம் அல்ல. இரண்டையும் நான் குழப்பவில்லை. ஆனால் அந்த வாரம் சிரப்பைக் கண்டு நடுங்கிய அதே குடும்பங்கள்தாம் விடுமுறைக்கு விமானம் ஏறும்போது, சளியே இல்லாத பிள்ளைக்கு மூடி திறக்கின்றன.

மூடி என்று சொல்வதிலேயே வில்லங்கம் இருக்கிறது. எந்த மூடி? சிரப்போடு வரும் அளவு மூடியா, சொட்டு மருந்தின் மூடியா? ஒரே பெயரில் வரும் சொட்டு மருந்தும் சிரப்பும் ஒரே வீரியத்தில் இருப்பதில்லை. பொதுவாகச் சொட்டு மருந்து பல மடங்கு அடர்த்தி. பெரியம்மாவின் அரை மூடியும் மாடிவீட்டு அக்காவின் ஒரு மூடியும் எந்தப் புட்டியைச் சேர்ந்தவை என்று அவர்களுக்கே தெரியாது.

பெரியம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் உரைமருந்து இழைத்துக் கொடுத்து நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய் எல்லாவற்றையும் கல்லில் இழைத்து, தாய்ப்பாலில் குழைத்துச் சங்கில் புகட்டினால் பிள்ளை கொஞ்சம் கண்ணயரும். (வசம்பின் பெயரை ராத்திரியில் சொல்லக் கூடாது என்று "பேர் சொல்லா மருந்து" என்பார் இன்றும்.) அழுகிற குழந்தைக்கு எதையாவது புகட்டி அடக்குவது நமக்கு மட்டுமே உள்ள பழக்கமும் அல்ல. அமெரிக்காவில் 1849-லிருந்து விற்ற மிஸஸ் வின்ஸ்லோ சிரப், பல் முளைக்கும் குழந்தையை அமைதிப்படுத்தும் என்று கொண்டாடப்பட்டது. அதில் இருந்தது மார்ஃபின். எழுந்திருக்காத குழந்தைகள் எத்தனையோ. 1911-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் அதைக் குழந்தைக் கொல்லிகளின் வரிசையில் வைத்தது. அந்தத் தாய்மார்களும் "எங்க பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அந்த வாதம் எனக்கும் வந்தது. கொடுத்தோம், தூங்கினான், இப்போது கல்லூரி படிக்கிறான். முப்பது வருஷம் ஹெல்மெட் இல்லாமல் ஓட்டினேன் என்று சொல்பவரும் உயிரோடிருப்பதால்தான் சொல்கிறார்.

விமானத்தின் உட்புறத்தையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. உள்ளே காற்றழுத்தம் தரையில் இருப்பது போல இருக்காது. ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்து மலையில் இருப்பது போல இருக்கும். சுமாராக ஊட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் சற்றுக் குறையும். ஆரோக்கியமான குழந்தைக்கு அது பொருட்டே இல்லை, ஊட்டியில் ஓடி விளையாடுவதில்லையா? ஆனால் அந்த உயரத்தில், மூச்சை மட்டுப்படுத்தக்கூடிய ஒன்றைக் கொடுத்து, விளக்கணைத்த இருட்டில், போர்வைக்குள் சுருட்டிப் பத்து மணி நேரம் கிடத்துகிறோம். நல்ல தூக்கமா, மயக்கமா என்று அந்த இருட்டில் பார்த்துச் சொல்ல எந்தத் தாயால் முடியும்?

ஊட்டி என்றதும் இன்னொன்று. கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறும்போது காது அடைத்தால் பெரியம்மா என்ன சொல்வார்? "எச்சில் முழுங்கு, சரியாயிடும்." முழுங்கும்போதுதான் தொண்டையையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் திறந்து அழுத்தம் சமமாகிறது. குழந்தைகளுக்கு அந்தக் குழாய் குட்டை, குறுகல், கிட்டத்தட்டப் படுக்கைவாட்டம், எளிதில் திறக்காது. விமானம் இறங்கும்போதுதான் வலி அதிகம். தூங்குகிறவர்கள் விழித்திருப்பவர்களைவிடக் குறைவாகவே எச்சில் விழுங்குகிறார்கள். அதாவது பிள்ளையை எழுப்பி, பாலோ தண்ணீரோ கொடுத்து, விழுங்க வைக்க வேண்டிய அரை மணி நேரத்தில்தான் நம் அரை மூடி அதைக் கட்டிப்போட்டிருக்கும். காட் ரோட்டில் தெரிந்த வைத்தியம் விமான நிலையத்தில் மறந்துபோகிறது.

இவ்வளவும் தெரியாமல்தான் கொடுக்கிறார்கள் என்று நான் நம்பவில்லை. மருந்து குடிப்பது குழந்தை, ஆனால் அது முன்சீட்டுக்காரருக்காகக் கொடுக்கப்படுகிறது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்து முறைக்கிறாரே, அவருக்காக. "இவ்வளவு சின்னப் பிள்ளையை எதுக்குக் கூட்டிட்டு வர்றாங்க?" என்று காதுபடப் பேசும் பெண்மணிக்காக. விடுமுறைக்குக் குடும்பத்தோடு போவதற்குத் தாயும் தகப்பனும் கூச வேண்டியிருக்கிறது. பேருந்தில் குழந்தை அழுதால் நான்கு பேர் கை நீட்டி வாங்குகிற ஊர்தான் இது. அதே நான்கு பேர் விமானம் ஏறியதும் அமைதிக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டதாக நினைக்கிறார்கள். டிக்கெட்டில் அமைதிக்கென்று ஒரு கட்டணமும் நான் பார்க்கவில்லை. குழந்தைக்குப் பயண வாந்தியோ ஒவ்வாமையோ இருந்து, மருத்துவர் எடை பார்த்து எழுதிக் கொடுத்தால் அது வேறு கதை. முன்சீட்டுக்காரரின் முறைப்பு ஒரு நோய் அல்ல.

நாங்கள் எடுத்துப்போனது ஒரு டப்பா பொரி. ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்ன ஒரு மணி நேரம் பிடித்தது. கீழே சிந்தியதைப் பொறுக்க நானும் கணவரும் மாறி மாறிக் குனிந்தோம். நடைபாதையில் எத்தனை முறை நடந்தோம் என்று எண்ணவில்லை. நாற்பத்திரண்டாம் வரிசையில் ஒரு தாத்தா அவளுடைய செருப்பைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி இருபது நிமிடம் ஓட்டினார். ஈரான் மேலேயோ துருக்கி மேலேயோ அழுதாள், நன்றாகவே அழுதாள், முக்கால் மணி நேரம். இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டேன், மற்றவரிடம் கேட்கவில்லை.

இறங்கத் தொடங்கியபோது முழு விழிப்பில் இருந்தாள். உறிஞ்சிக் குடிக்கும் புட்டியில் தண்ணீரும், மிச்சப் பொரியுமாக விழுங்கிக்கொண்டே ஜன்னலில் லண்டனைப் பார்த்து "வீடு, வீடு" என்றாள். சக்கரம் தரையைத் தொட்டது. மறு நிமிடம் தூங்கிவிட்டாள். குடியேற்ற வரிசையில் ஒன்றே கால் மணி நேரம், பன்னிரண்டு கிலோ, என் இடது தோளில்.