பனி வருமா, மண் சரியுமா?

மார்கழி பிறந்தால் கனடாவிலிருக்கும் தங்கை தொலைபேசியில் சொல்லும் முதல் கதை பனிதான். "பத்து சென்ரிமீற்றர் கொட்டும் எண்டவங்கள் அக்கா, விடிய எழும்பிப் பாத்தால் புல்லுக்கூட மறையேல்லை" என்று சிரிப்பாள். அறிவித்தல் பொய்த்தால் அவளுக்குப் போவது ஒரு மணிநேரத் தூக்கம்.

எங்கள் கண்டியில் பனி கொட்டுவதில்லை. மேலே நுவரெலியாவில் தை, மாசியில் முகிலும் காற்றும் இல்லாத இரவுகளில் நிலம் விரைவாகக் குளிர்ந்து, விடியற்காலையில் தேயிலையில் துகள் உறைபனி படியும். கொழுந்து கருகும், கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கு வேலை குறையும். வானம் வெளித்திருக்குமா என்று தெரிந்தால் இதை ஓரளவு சரியாகவே சொல்லிவிடலாம்.

மழை அப்படியல்ல. மலையின் ஒரு பக்கம் கொட்டும், மறுபக்கம் தூறும். கட்டுகஸ்தோட்டையில் அளந்த மழையும் ஹந்தானைச் சரிவில் பெய்த மழையும் ஒன்றல்ல. அதனால்தான் வளிமண்டலவியல் திணைக்களம் "சில இடங்களில்" என்கிறது. அந்தச் சில இடத்தில் நம் வீடும் உண்டா என்பதுதான் நம் கேள்வி.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மழையில், இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது கண்டி மாவட்டம். அந்த நாட்களில் எங்கள் சரிவிலும் வெளியேறச் சொன்னார்கள். (தமிழில் அந்தச் செய்தி எங்களுக்குப் பிந்தித்தான் கிடைத்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.) பக்கத்து வீட்டு அம்மா கட்டிலை விட்டு எழும்பவில்லை. வன்னியிலிருந்து வந்தவர், 2009 வரை எத்தனை இடம்பெயர்வு என்று கணக்கில்லாதவர்.

"இனி ஓடேலாது பிள்ளை. முந்தியும் போகச் சொன்னவை. என்ன நடந்தது? ஒண்டுமில்லை."

அவர் சொன்னது உண்மைதான். ஆனால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிப்பது, பெய்த மழைக்கு இந்தச் சரிவு இளகக்கூடும் என்று. இந்தச் சுவர்தான் விழும் என்று எவராலும் சொல்ல முடியாது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பாக இருக்கவேண்டும், 100 என்றால் ஆயத்தமாகவேண்டும், 150ஐத் தாண்டினால் வெளியேறவேண்டும். சகோதரிகளே, நேரான சுவருள்ள வெறும் பேணியொன்றை வெட்டவெளியில் வைத்து, தேங்கும் நீரை அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். ஏழரைச் சென்ரிமீற்றர் வந்தால் அதுதான் 75. நிலத்தில் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் அளந்துகொண்டிருக்க வேண்டாம், கிளம்பிவிடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

இதையெல்லாம் சொல்லியும் அம்மா அசையவில்லை. முகாமில் பேத்திக்குக் கொண்டி போட்ட மலசலகூடம் இருக்குமா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை, இரவில் நானும் கூடப் போவதாகச் சொன்னேன். பிறகு, காணாமல்போன மகனுக்காகக் கொடுத்த முறைப்பாட்டின் துண்டு எங்கே என்று கேட்டேன். கட்டிலுக்குக் கீழே றங்குப்பெட்டியில். மண் மூடினால் அதுவும் போய்விடும். அம்மா எழும்பினார்.

அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், அந்தத் துண்டு எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றி ஒரு பையில் போட்டோம். நான்கு நாட்கள் பாடசாலையொன்றில் இருந்தோம். சரிவு சரியவில்லை.

"பாத்தியே, ஒண்டும் நடக்கேல்லை" என்று திரும்பி வந்ததும் சொன்னார். ஆனால் அந்தப் பை மறுபடி கட்டிலுக்குக் கீழே போகவில்லை. கதவோரத்து ஆணியில் தொங்குகிறது.