சுடுதளம் வேணும்... ஆனா எந்த மாதிரி?



சீசன் நேரத்தில் குற்றாலம் போய், மெயினருவியில் தலையைக் காட்டிவிட்டு, சிப்ஸ் பொட்டலத்தோடு திரும்பும்போது அந்தப் பலூன் கடையைப் பார்க்காமல் வந்தவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. ஒரு பலகை, அதில் வரிசையாகப் பலூன், கையில் ஒரு பழைய ஏர்கன். எங்கள் செட்டில் ஒருத்தன் (பெயர் வேண்டாம், மெக்கானிக்கல் இறுதியாண்டு) பத்துக்கு எட்டு உடைப்பான். கடைக்கார அண்ணாச்சியே, "தம்பி, அடுத்த வாட்டி உங்க சேக்காளிகள மட்டும் அனுப்புங்க" என்று சிரிப்பார். அந்தக் குழல் நேராக இருக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். இவன் முதல் இரண்டு குண்டை வீணாக்கி, எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்துக்கொள்வான். மீதி எட்டும் பலூனில் இருக்கும்.

"தென்காசியில ஒரு ரேஞ்ச் இருந்தா நான் எங்கயோ போயிருப்பேன் மக்கா" என்று பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒருநாள் சொன்னான். நாங்கள் சிரித்தோம். ஆனால் அன்று ராத்திரி ஹாஸ்டலில் பன்னிரண்டு மணி வரைக்கும் அதே பேச்சுதான். நம்ம ஊரில் அரசாங்க செலவில், யார் வேண்டுமானாலும் போய்ப் பழகுகிற மாதிரி ஒரு துப்பாக்கி சுடுதளம் வந்தால் நல்லதா, கெட்டதா? அந்தச் சண்டையில் நான் முதலில் ஒரு கட்சி, கடைசியில் வேறொரு கட்சி. ஏன் மாறினேன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஆதரவுக் கட்சி. துப்பாக்கி என்றாலே நம்ம பக்கத்துக்காரனுக்கு நெஞ்சு நிமிரும். செங்கோட்டை வாஞ்சிநாதன் 1911 ஜூன் 17-ந் தேதி மணியாச்சி ஸ்டேஷனில் கலெக்டர் ஆஷைச் சுட்டது ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அவருக்குச் சுடப் பழக்கியவர் புதுச்சேரியில் இருந்த வ.வே.சு. ஐயர் என்பார்கள். அதாவது, நம்ம ஊர்க்காரர் அன்றைக்கும் குறி பார்த்துப் பழக வெளியூர்தான் போயிருக்கிறார்!

விளையாட்டுக் கதையும் அதேதான். 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் ஏர் ரைபிளில் தங்கம் வாங்கிய இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்தவர். வளர்ந்ததும் பழகியதும் குஜராத்தில். 2008-ல் பெய்ஜிங்கில் தங்கம் வாங்கினாரே அபினவ் பிந்த்ரா, அவருக்கு அப்பா வீட்டிலேயே ரேஞ்ச் கட்டிக் கொடுத்தார். நம்ம அப்பாக்கள் வீட்டில் கட்டிக் கொடுத்தது மாட்டுக் கொட்டில். போட்டிக்கு லாயக்கான ஏர் ரைபிள் ஒன்று இரண்டு லட்சத்துக்கு மேல் போகிறது. ஆகவே நம்ம மாதிரி ஆட்கள் அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் பொது ரேஞ்ச் ஒன்றுதான் வழி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய ஸ்வப்னில் குசாலே கோலாப்பூர் பக்கத்துக் கிராமத்துப் பையன், ரயில்வேயில் டிக்கெட் கலெக்டர் வேலை பார்த்தவர். மெடலுக்குப் போகாவிட்டாலும் ஸ்போர்ட்ஸ் கோட்டா என்று ஒன்று இருக்கிறது. டிப்ளமோ முடித்து ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் என்று அப்ரண்டிஸ் பாயைச் சுருட்டுகிற நமக்கு அது சின்ன விஷயமா?

ஆர்வம் இல்லை என்றும் யாரும் சொல்ல முடியாது. 2022-ல் நடிகர் அஜித் மாநிலப் போட்டிக்காகத் திருச்சி ரைபிள் கிளப்புக்கு வந்தபோது கூடின கூட்டத்தை டி.வி.யில் பார்த்தோம். சரி, அதில் முக்கால்வாசிப் பேர் அஜித்தைப் பார்க்க வந்தவர்கள்தான், ஒத்துக்கொள்கிறேன்.

இவ்வளவும் பேசி நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்த நேரத்தில், அதுவரை வாயே திறக்காமல் படுத்திருந்த புதுக்கோட்டைக்காரன் எழுந்து உட்கார்ந்தான். "நார்த்தாமலை தெரியுமாடா உங்களுக்கு?" என்றான்.

2021 டிசம்பர் 30. நார்த்தாமலை பக்கம் பசுமலைப்பட்டியில் போலீஸ் துப்பாக்கி சுடுதளம். அன்றைக்கு மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்திருக்கிறார்கள். தூரத்தில் தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுப் பையன் தலையில் ஒரு குண்டு பாய்ந்தது. தஞ்சாவூர் மெடிக்கலில் ஆபரேஷன் செய்தும் 2022 ஜனவரி 3-ந் தேதி அந்தப் பிள்ளை இறந்துபோனான். தளத்தை மூட உத்தரவு, குடும்பத்துக்கு 10 லட்சம் நிவாரணம். அந்தப் பையனுக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. வீட்டில் இருந்தான், அவ்வளவுதான்.

ரூமில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. இத்தனைக்கும் அதே புதுக்கோட்டை மன்னர் குடும்பத்துப் பிருத்விராஜ் தொண்டைமான்தான் 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் போட்டியில் சுட்டவர். ஒரே மாவட்டத்தில் அதுவும் நடந்திருக்கிறது, இதுவும் நடந்திருக்கிறது.

மறுநாள் நான் நோட்டில் ஒரு கணக்குப் போட்டேன். முதல் வருஷம் படித்த ½mv² தான். போட்டி ஏர் ரைபிளின் பெல்லட் சுமார் அரை கிராம், வேகம் வினாடிக்குச் சுமார் 175 மீட்டர். ஆற்றல் 8 ஜூல் வருகிறது. என்.சி.சி. பையன்கள் சுடுகிற பாயிண்ட் 22 ரைபிள் குண்டு இரண்டரை கிராம் சொச்சம், 330 மீட்டர் வேகம், 140 ஜூல். இன்சாஸ் மாதிரி ராணுவ ரைபிளில் 4 கிராம், 900 மீட்டர் வேகம். 1600 ஜூலுக்கு மேல். அதாவது பெல்லட்டைப் போல 200 மடங்கு! மூன்றையும் நாம் 'துப்பாக்கி' என்று ஒரே வார்த்தையில் சொல்லிக்கொண்டு சண்டை போட்டிருக்கிறோம். பாயிண்ட் 22 குண்டே தடுக்க ஒன்றும் இல்லாவிட்டால் ஒன்றரை கிலோமீட்டர் வரைக்கும் போகும். ராணுவக் குண்டு அதைவிட எவ்வளவோ தூரம்.

"கடையம் பக்கம் கைவிட்ட கல்குவாரி எத்தனை கிடக்கு, மூணு பக்கமும் சுவர் மாதிரி பாறை, அதுல வெச்சுக்கலாமே" என்று ஒருத்தன் ஐடியா கொடுத்தான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சிவில் பையன்களைக் கேளுங்கள். பாறையில் பட்ட குண்டு நிற்காது, தெறிக்கும். எந்தப் பக்கம் தெறிக்கும் என்று எந்த டிராயிங்கிலும் போட முடியாது. குண்டை விழுங்குவது மண்மேடுதான். அந்த மண்மேட்டையும் சும்மா விட முடியாது. உள்ளே சேர்வது ஈயம். நமக்குத் தென்மேற்குச் சாரலும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. ஓடி வருகிற தண்ணீர் குளத்துக்குப் போகும், குளத்திலிருந்து வயலுக்குப் போகும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். மேற்கே மலையடிவாரம் முழுக்க யானையும் காட்டுப்பன்றியும் நடமாடுகிற இடம், அங்கே வெடிச்சத்தம் வேறு.

இன்னொன்று இருக்கிறது. மலரில் போடலாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். நம்ம பக்கத்துப் பையன்கள் கையில் கலர் கயிறு கட்டுவது எதற்கென்று நமக்குத் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து ஒரு மாணவனை அரிவாளால் வெட்டினார்கள். அதன்பிறகு அமைத்த ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு குழு 2024-ல் அறிக்கை கொடுத்து, அந்தக் கயிறுகளே கூடாது என்றது. இப்படி ஒரு மண்ணில் வாலிபப் பசங்களுக்குக் குறி பார்க்கச் சொல்லிக் கொடுப்பதா என்று எங்கள் வார்டன் ஐயா கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை. இப்போதும் முழுப் பதில் இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம்: 10 மீட்டரில் அரை மில்லிமீட்டர் புள்ளியை அடிக்க, மூச்சை அடக்கி, இதயத் துடிப்புக்கு நடுவில் விசையை இழுக்க வேண்டும். கோபத்தில் இருக்கிறவன் கை அதற்கு நிற்காது. ஆனால் துப்பாக்கியை வீட்டுக்கு எடுத்துப் போக விட்டால் இந்த வாதமெல்லாம் செல்லாது.

ஆக என் கட்சி இதுதான். வெளி ரேஞ்ச் வேண்டாம். மாவட்டத்தில் எந்த மூலையிலும் வேண்டாம். நாலு சுவருக்குள் 10 மீட்டர் ஏர் ரைபிள் ஹால் ஒன்று போதும். பிந்த்ராவின் தங்கம் 10 மீட்டர்தான், பாரிஸில் மனு பாக்கர் வாங்கின இரண்டு வெண்கலமும் 10 மீட்டர்தான். பத்துப் பேர் நின்று சுட நம்ம ஒர்க்‌ஷாப் ஷெட் அளவு இடம் தாராளம். பெல்லட்டை இரும்புப் பெட்டி பிடித்துக்கொள்ளும், ஈயத்தைக் கூட்டி அள்ளி எடைக்குப் போடலாம். 20 ஜூலுக்கும் 4.5 மில்லிமீட்டருக்கும் உட்பட்ட ஏர் ரைபிளுக்கு 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை. அதனாலேயே கட்டுப்பாட்டை நாமே போட்டுக்கொள்ள வேண்டும்: துப்பாக்கி லாக்கரில், சாவி கோச்சிடம், பெயர் ரிஜிஸ்டரில். 8 ஜூல் என்றாலும் கண்ணில் பட்டால் கண் போய்விடும். சாயங்காலம் ஒரு மணி நேரம் பெண்களுக்கென்று தனியாக. இல்லாவிட்டால் நம்ம ஊரில் எந்த வீட்டிலும் அனுப்ப மாட்டார்கள், இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை.

"பணம் எங்கே இருக்கு, முதல்ல குடிதண்ணி பைப்பைச் சரி பண்ணச் சொல்லு" என்கிறவர்களிடம் நான் வாதம் செய்ய மாட்டேன். அவர்கள் சொல்வதும் சரிதான்.

ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்க மனு எழுதிவிட்டோம். பலூன் புலிதான் முதல் கையெழுத்து. அவனுக்கு இது கடைசி செமஸ்டர். ஹால் வந்தாலும் அவனுக்கு உதவாது, தெரிந்துதான் போட்டான். புதுக்கோட்டைக்காரன் மட்டும் மனுவை இரண்டு தடவை படித்துவிட்டுப் பேனாவை வாங்காமல் இருந்தான். "ஏர் ரைபிள், ஏர் பிஸ்டல் தவிர வேறு எந்தத் துப்பாக்கியும் அந்தக் கட்டடத்துக்குள் எக்காலத்திலும் வரக்கூடாது" என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னான். சேர்த்தோம். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டான்.