மீன் குஞ்சும் மீனவன் மகனும்

அத்திப்பட்டுப் புதுநகர் நிலையம். இரவு கூட்டம் முடித்துச் சென்னைக்குத் திரும்ப மின்சார வண்டிக்காகக் காத்து நின்றேன். வெள்ளுடை தரித்த பெரியவர் ஒருவர் அருகே வந்தார். மேடையிலே நான் குலத்தொழிலைச் சாடியது அவர் நெஞ்சைச் சுட்டுவிட்டது போலும். "தம்பி, நீங்கள் ஆயிரம் பேசுங்கள்! மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுத்தர வேண்டுமா?" என்றார். கேட்டுவிட்டுச் சிரித்தார். வழக்கை வென்றுவிட்ட வக்கீலின் சிரிப்பு! வண்டி வந்துவிட்டது, விடை கூற வாய்ப்பில்லை. ஆகவே ஏட்டிலே கூறுகிறேன். அவர் படிக்காவிட்டாலும், அவர் கேள்வியை நாளை உங்களிடம் கேட்க ஆயிரம் பேர் உண்டு தோழர்களே, நீங்கள் படித்து வையுங்கள்!

அந்தப் பழமொழி ஏதோ திண்ணைப் பேச்சு என்று எண்ணிவிடாதீர்கள். 1953இல் அது அரசாங்கத் திட்டமாகவே வந்தது. பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று ஆச்சாரியார் ஆணையிட்டார். நாடு கொதித்தது; 1954இல் அவரும் பதவி விலகினார், அடுத்து வந்த காமராசர் அத்திட்டத்தைக் குப்பையிலே போட்டார். செத்த பாம்பு என்றிருந்தோம். 2023 செப்டம்பரில், விசுவகர்மா பெயர் சூட்டிக்கொண்டு, மத்திய அரசின் திட்டமொன்று வந்தது. 18 தொழில்களின் பட்டியல். அதிலே படகு செய்வோரும் உண்டு, மீன்வலை பின்னுவோரும் உண்டு. குரு–சீட மரபையும் குடும்பவழித் தொழிலையும் வளர்ப்பதே நோக்கமாம். சேருவதற்கு வயது? 18 நிறைந்தால் போதும்! கல்லூரி வாயிலிலே கால்வைக்க வேண்டிய வயதல்லவா அது? கல்லூரியைப் பாதியில் விட்டு வெளியேறியவன் நான்; இழந்தவனுக்குத் தெரியும் அதன் அருமை. இந்த வடிவில் ஏற்பதற்கில்லை என்று 2024 நவம்பரில் தமிழ்நாட்டரசு கடிதம் எழுதியதன் காரணம் இதுதான்.

சரி, பெரியவரே! மீனைச் சாட்சிக்கு அழைத்தவர் தாங்கள். மீனையே விசாரிப்போம், வாருங்கள்.

மீன் குஞ்சு நீந்துகிறது. உண்மை, மறுப்பாரில்லை. துடுப்பும் வாலும் செவுளும் அதன் உடற்கூறு. தாயின் முட்டையிலும் தந்தையின் விந்திலும் அடங்கிய மரபணுக்கள் வழியே இறங்கி வந்தவை. ஆனால் எந்தக் குஞ்சு நீந்துகிறது? எல்லாக் குஞ்சும்! மடவை குஞ்சும் நீந்துகிறது, கொடுவா குஞ்சும் நீந்துகிறது. அதற்கு நிகராக மனிதனிடம் எதைச் சொல்லலாம்? நடையைச் சொல்லலாம், பேசும் ஆற்றலைச் சொல்லலாம். குருக்கள் வீட்டுக் குழந்தையும் குப்பத்துக் குழந்தையும் ஏறத்தாழ ஒரே வயதில் நடக்கின்றன, மழலை பேசுகின்றன. எந்த மொழி பேசும் என்பதுகூட ரத்தத்தில் இல்லை. இரங்கூனிலே வளர்ந்த தமிழ்ப் பிள்ளை பர்மியம் பேசிற்று. பர்மாவிலிருந்து மீண்டு வடசென்னையில் குடியேறிய குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். மொழியையே கொண்டுவராத ரத்தம், வலையைக் கொண்டுவருமா?

ஒரு தலைமுறை கற்றது அடுத்த தலைமுறையின் உடலில் தானே ஊறிவிடும் என்பார்கள். ஊறுமா? தலைமுறை தலைமுறையாகக் காது குத்துகிறோம். மாமன் மடியில் அமர்த்தி, மொட்டையடித்து, விருந்து வைத்துக் குத்துகிறோம். காதிலே துளையோடு பிறந்த குழந்தை ஒன்றைக் காட்டுங்கள்! ஜெர்மன் நாட்டறிஞர் ஆகஸ்ட் வைஸ்மன் 1880களில் இதையே சோதனைக்கூடத்தில் செய்து பார்த்தார். வெள்ளைச் சுண்டெலிகளின் வாலை நறுக்கினார். அவை ஈன்றவற்றின் வாலையும் நறுக்கினார். ஐந்து தலைமுறை, 901 குட்டிகள். ஒன்றாவது வாலின்றிப் பிறந்ததா? இல்லை! உடல் பெறும் தழும்பும் கை பெறும் தேர்ச்சியும் கருவணுவை எட்டுவதில்லை என்று அவர் நிறுவினார்.

காட்டுக்குப்பத்து மீனவன் வாடைக் காற்றையும் கச்சானையும் பிரித்தறிகிறான் என்றால், நீரோட்டம் எப்பக்கம் திரும்புமென நிறம் பார்த்துச் சொல்கிறான் என்றால், அது ஆண்டுக்கணக்கில் தந்தை தோளருகே நின்று கற்ற கல்வி. அதைப் பிறவிக்குணம் என்பது அவனைப் புகழ்வதாகாது. கற்பித்தவனையும் கற்றவனையும் சேர்த்து அவமதிப்பதாகும். வக்கீல் மகன் சட்டம் படித்தால் அறிவு. வலைஞன் மகன் கடல் படித்தால் ரத்தமோ?

பிறப்பிலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்போர் அத்திப்பட்டுக் கழியிலே வாழும் உயிர்களிடம் பாடம் கேட்க வேண்டும். கொடுவாவைக் கேளுங்கள். அது பெரும்பாலும் ஆணாகவே வளர்ச்சியடைகிறது. ஆணாகச் சில ஆண்டுகள் வாழ்ந்து, பருத்தபின் பெண்ணாக மாறி முட்டையிடுகிறது! ஆணும் பெண்ணும் பிறப்பில் எழுதப்பட்ட மாறா விதி என்று மனு பேசுவோர், சந்தையிலே பெரிய கொடுவாவை விலைபேசும்போது சற்று யோசிக்கட்டும். கடற்கெளுத்தியைக் கேளுங்கள். பெண் முட்டையிட, ஆண் அவற்றை வாயில் ஏந்திக்கொள்கிறது. குஞ்சு பொரித்து வெளிவரும்வரை வாரக்கணக்கில் இரையைத் துறந்து அடைகாக்கிறது. பிள்ளை வளர்ப்பு பெண்ணுக்கே இயற்கை என்று உபதேசிப்பவர், கெளுத்திக்கு என்ன தண்டனை தரப்போகிறார்?

இறாலின் கதையைத்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊர் வயிற்றோடு தொடர்புடைய கதை அது.

வெள்ளை இறால் கடலிலே முட்டையிடுகிறது. ஒரு தாய்க்கு இலட்சக்கணக்கில் முட்டை. தாய் காப்பதில்லை. ஒரு நாளுக்குள் பொரித்து, கண்ணுக்குப் புலப்படாத உருவில் மிதந்து, உருமாறி, மீண்டும் உருமாறி, ஏறத்தாழ இரண்டு மூன்று வாரத்தில் இறாலின் சாயல் பெறுகிறது. பிறகு ஏற்றநீரோடு முகத்துவாரத்தின் வழியே கழிக்குள் நுழைகிறது. உப்பும் நன்னீரும் கலந்த நீர், மெத்தென்ற சேறு, அலையாத்தி வேர்கள்: இதுதான் அதன் தொட்டில். வளர வேண்டுமானால் மேலோட்டைக் கழற்ற வேண்டும். கழற்றிய வேளையில் உடல் வெண்ணெய் போலிருக்கும், எந்த மீனும் விழுங்கிவிடும். அப்போது சேற்றில் புதைந்து உயிர் காக்கிறது. இப்படிப் பலமுறை கழற்றி, மாதங்கள் சில வளர்ந்து, மீண்டும் கடலேகுகிறது. கழியிலிருக்கும் அந்தச் சில மாதங்களில்தான் இருளர் பெண்கள் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இடுப்பளவு நீரில் தவழ்ந்து, கையால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறார்கள்.

முட்டையிலே எல்லாம் இருக்கிறது, பெரியவரே. நீந்தவும் தெரியும், புதையவும் தெரியும். ஆனால் புதையச் சேறு வேண்டுமே!

அந்தச் சேறு என்ன ஆயிற்று? 1994இல் அத்திப்பட்டிலே வடசென்னை அனல் மின்நிலையம் இயங்கத் தொடங்கிற்று. நிலக்கரி எரிந்தது, நாட்டுக்கு ஒளி கிடைத்தது, நன்று. எரிந்த சாம்பலை நீரில் குழைத்துக் குழாயில் அனுப்பினார்கள். குழாய் உடைந்தது, ஒழுகிற்று, மீண்டும் உடைந்தது. கொசத்தலை ஆற்றிலும் கழியிலும் சாம்பல் படிந்தது, ஆழம் குறைந்தது. செப்பாக்கம் கிராமத்தைச் சாம்பல் குட்டை வளைத்துக்கொண்டது. 2022இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வே இக்கேட்டிற்கு மின்வாரியத்தைப் பொறுப்பாக்கிச் சீரமைக்கச் சொல்லிற்று. 2017 ஜனவரியில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் சிந்திற்று. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலித் தொழிற்பேட்டையின் எண்ணெய் கழியெங்கும் பரவிற்று. வலையும் படகும் கருத்தன. மக்கள் வாளியில் மொண்டார்கள். திரைப்படத்திலே ஓர் அத்திப்பட்டி வரைபடத்திலிருந்து மறைந்தபோது கைதட்டினோம். கண்ணெதிரே மறையும் கழிக்குக் கைதட்ட ஆளில்லை.

போதாதென்று, அழையாத விருந்தாளி ஒன்று வந்தது. தென்னமெரிக்கக் கரையோரத்துச் சிப்பி. கப்பல்கள் நிறைசமனுக்காக ஏற்றிவரும் நீரோடு குடியேறிற்று என்கிறார்கள். நம் மீனவர் அதற்கு இட்ட பெயர் காக்கா ஆழி. கழியின் அடித்தளமெங்கும் கம்பளம் விரித்தாற்போல் ஒட்டிப் படர்ந்து, சேற்றை மூடிவிட்டது. இறால் புதைய இடமில்லை. மஞ்ச மட்டி வாழ வழியில்லை. அங்கே பிறந்த சிப்பி இங்கே செழிக்கிறது. இங்கே பிறந்த இறால் இங்கேயே மாய்கிறது. அமெரிக்கச் சிப்பியின் குலம் உயர்ந்ததா? எண்ணூர் இறாலின் குலம் தாழ்ந்ததா? இரண்டின் பரம்பரையும் பழையபடியே இருக்கிறது; மாறியது இடம். இடத்தை மாற்றியவர்கள் மனிதர்கள். அவர்களுக்கு முகவரியுண்டு, முத்திரையுண்டு, கையெழுத்துண்டு!

இதிலுள்ள கொடுமையைக் கவனியுங்கள் தோழர்களே. ஒரு கை கழியை மூடுகிறது. மறு கை, "உன் தந்தை தொழிலை நீ செய்" என்று வலையை நீட்டுகிறது. எங்கே வீசுவது? சாம்பலிலா? பள்ளிக்குப் போ என்றால் பரம்பரை என்கிறார்கள். பரம்பரைத் தொழிலுக்கு நீர் கேட்டால் வளர்ச்சி என்கிறார்கள். கடலுக்குச் செல்ல விரும்பும் மகனுக்குத் தூய கழி வேண்டும். கல்லூரிக்குச் செல்ல விரும்பும் மகளுக்குத் திறந்த வாயில் வேண்டும். எது வேண்டுமென்று தேர்ந்துகொள்வது அவர்கள் உரிமை. ஒன்றைக் காட்டி மற்றதைப் பறிக்க எவருக்கும் உரிமையில்லை.

பெரியவரே! அடுத்த முறை தங்களைச் சந்தித்தால் விவாதிக்க மாட்டேன். வற்றநீர் நேரமாகப் பார்த்துக் காட்டுக்குப்பம் வாருங்கள், கழியில் இறங்குவோம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்ளுங்கள். செருப்பை மட்டும் கழற்ற வேண்டாம். காக்கா ஆழியின் ஓடு காலைக் கிழிக்கும். நாள்தோறும் அங்கே இறங்கும் பெண்களின் பாதங்களைப் பார்த்துவிட்டு, பிறகு அவர்களிடமே கேளுங்கள், மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுத்தர வேண்டுமா என்று.