குளத்துக்காரர் மகன்

போன மாதம் பகாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சோறு போடும்போதே அக்கா ஆரம்பித்துவிட்டார்.

"தம்பி, இவனுக்கு நீயாவது சொல்லு. டிப்ளோமா படிச்சவன் மறுபடியும் அந்த நாத்தக் குளத்துலயா போய் நிக்கணும்? தாத்தா நின்னது போதாதா?"

அக்கா மகன் தலை நிமிரவில்லை. செம்பனை ஆலையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறான். கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்குச் சான்றிதழ் எடுக்க அவனைப் பயிற்சிக்கு அனுப்ப நிர்வாகம் தயார். அவனுக்குத்தான் தயக்கம்.

அக்காவின் கோபம் எனக்குப் புரியும். எங்கள் அப்பா தோட்டத்து ஆலையில் கழிவுநீர்க் குளம் பார்த்தவர். லயத்தில் அவருக்குப் பெயரே 'குளத்துக்காரர்'தான். அவருடைய சட்டையை அம்மா தனி வாளியில் போட்டுத் துவைப்பார். பள்ளிக்கூடத்தில் எங்கள் பக்கத்தில் உட்காரப் பிள்ளைகள் மூக்கைப் பிடிப்பார்கள்.

அந்தக் குளத்தில் என்ன நடக்கிறது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. ஒரு டன் பழக்குலையை அவித்துப் பிழிந்தால் அரை டன்னுக்கு மேல் கழிவுநீர் வரும். 80 பாகைக்குக் குறையாத சூடு, புளிப்பு, கரும்பழுப்பு நிறம். அது விஷமில்லை. ஆனால் ஆற்றில் விட்டால், அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள உயிர்வளியை இழுத்துக்கொள்ளும். மீன் மூச்சுத் திணறிச் சாகும். அந்த இழுப்பைக் காட்டும் அளவுதான் பிஓடி. ஆலையிலிருந்து வரும்போது அது லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் இருக்கும். 1977ஆம் ஆண்டின் செம்பனை ஆலை விதிமுறைகள் முதலில் 5,000 என்று வரம்பு கட்டி, படிப்படியாக இறக்கி, 1984-இல் 100-க்குக் கொண்டுவந்தன.

25,000-ஐ 100 ஆக்குவது இயந்திரமல்ல, குளத்தில் வாழும் நுண்ணுயிர்கள். முதலில் ஆறவைக்கும் குளம். பிறகு காற்றுப் புகாத குளத்தில் வாரக்கணக்கில் கிடக்க வேண்டும். கடைசியில் காற்றுப் படும் குளம். ஆறாமலோ அளவுக்கு மீறியோ உள்ளே தள்ளினால் நுண்ணுயிர்கள் செத்துவிடும்; குளம் மறுபடி தேறப் பல நாள் ஆகும்.

அப்பாவுக்கு பிஓடி என்றால் தெரியாது. குமிழியைப் பார்த்து, வாடையை முகர்ந்து, "குளத்துக்கு அஜீரணம்" என்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

குலை வரத்து மிகுந்த ஒரு மாதம், அடைமழை. "குளம் தாங்காது ஐயா, இன்னும் தள்ளாதீங்க" என்று அப்பா மூன்று நாள் சொன்னார். நான்காம் நாள் விடியலில் கரை வழிந்தது. கீழே ஓடையில் மீன் வெள்ளையாக மிதந்தது. விசாரணை முடிவில் ஒரே வரி: குளத்துக்காரர் கவனிக்கவில்லை. அப்பா சொன்னதற்குச் சாட்சி இல்லை. எழுத அவரிடம் ஒரு புத்தகம்கூட இல்லை. அதற்குப் பிறகு அவர் குளத்தைப் பற்றி வீட்டில் பேசியதே இல்லை.

இன்று நிலைமை வேறு. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தில் பின்னர் சேர்த்த 49ஏ பிரிவின்படி, இத்தகைய ஆலைகள் சான்றிதழ் பெற்ற தகுதியாளரைப் பணியில் வைக்க வேண்டும். அந்தச் சான்றிதழுக்கு வழி, பாங்கியில் யுகேஎம் வளாகத்தில் இருக்கும் சுற்றுச்சூழல் இலாகாவின் எய்மாஸ் பயிற்சிக் கழகம். செம்பனை ஆலைக் கழிவுநீருக்கு ஒரு சான்றிதழ், மற்றத் தொழிற்சாலைக் கழிவுநீருக்கு ஒன்று, வீடுகளின் கழிவுநீர் நிலையத்துக்கு ஒன்று எனத் தனித்தனியாக உண்டு. வகுப்பில் உட்கார்ந்தால் மட்டும் போதாது. தேர்வு எழுதி, களத்தில் பயிற்சி செய்து, அறிக்கையும் கொடுக்க வேண்டும். தகுதி, கட்டணம் எல்லாவற்றையும் எய்மாஸிடமே கேட்டுக்கொள்வது நல்லது.

இதெல்லாம் தோட்டத்துச் சங்கதி என்று பட்டணத்து வாசகர்கள் நினைக்க வேண்டாம். 2020 டிசம்பரில் நம் நீலாயில் பாத்தாங் பெனார் ஆற்றில் துர்நாற்றக் கழிவு கலந்தது. செமினி நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை மூட வேண்டியதாயிற்று. சிலாங்கூரில் எத்தனையோ வீடுகளில் குழாய் வறண்டது. 2024-இல் சட்டம் திருத்தப்பட்டு, அபராதத்தின் உச்ச வரம்பு 1 கோடி வெள்ளியானது.

இதைச் சொன்னதும் அக்கா மகன் நிமிர்ந்து பார்த்தான். "அதான் மாமா பயமா இருக்கு. பேப்பர்ல என் பேரு இருந்தா, தப்பு நடந்தா என் தலைதானே உருளும்?"

நியாயமான பயம்தான். அதனால் நான் மழுப்பவில்லை.

"உருளலாம்டா. பேப்பர் இல்லாதப்பவும் உன் தாத்தா தலைதான் உருண்டுச்சு. அவர் சொன்னது காத்தோட போச்சு. நீ தினமும் குளத்தோட புளிப்பு, சூடு, உள்ள போற அளவு எல்லாத்தையும் எழுதி, நேரம் போட்டு, கையெழுத்து வைப்ப. 'இன்னைக்கு இதுக்கு மேல தள்ளக்கூடாது'ன்னு எழுத்துல கொடுப்ப. கேக்குறதும் கேக்காததும் மேல இருக்கிறவங்க பாடு. ஆனா சொல்லலைன்னு யாரும் சொல்ல முடியாது."

சான்றிதழ் வந்தால் எல்லாரும் கேட்டுவிடுவார்கள் என்று நான் நம்பவில்லை. சம்பளம் கூடலாம், கூடாமலும் போகலாம். ஆனால் ஆற்றங்கரையில் நம் பிள்ளை ஒருவன் 'வேண்டாம்' என்று எழுதும் இடத்தில் இருப்பது சின்ன விஷயமல்ல. வாசனையை வைத்தே குளத்தைப் படித்த எத்தனையோ அப்பாக்கள் பெயரில்லாமல் போய்விட்டார்கள். பிள்ளைகளாவது பெயரோடு நிற்கட்டும்.

அக்கா வெகுநேரம் பேசவில்லை. ரசம் ஊற்றியபடி மகனிடம் கேட்டார்: "பாங்கிக்கு எத்தனை நாள்? துணி எத்தனை செட்டு எடுத்து வைக்கணும்?"

பிறகு என் பக்கம் திரும்பி மெல்லச் சொன்னார்: "அந்தச் சட்டைய நான் தனி வாளியில துவைக்க மாட்டேன் தம்பி. எல்லாத்தோடயும் சேர்த்துத்தான் போடுவேன்."