மாலையில் நமக்காக ஒரு மணி

தோட்டத் தோழர்களே! தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறாதவர் நம்மில் எத்தனை பேர் இருப்போம்? கெடாவிலிருந்தும் பேராக்கிலிருந்தும் பஸ் பிடித்து வந்து 513 படிகளையும் ஏறுகிறோம். அதற்கு முன்னே விரதம் இருக்கிறோம். கவுச்சி தொடுவதில்லை. நித்தம் தண்ணி போடுகிறவர்கூட அத்தனை நாளும் பாட்டிலைத் திரும்பிப் பார்ப்பதில்லை. மனசு வைத்தால் எதையும் விடலாம் என்பதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் விரதக்காரர் கையிலும் இன்று கைப்பேசி இருக்கிறது. காவடி ஆடி வருகிறது. அதைக் கண்ணால் பார்க்க ஆளில்லை. எல்லாரும் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து அதற்குள்ளே பார்க்கிறார்கள். தமிழ்நாட்டுக் கோயில்களில் கைப்பேசிக்குத் தடை போடும்படி 2022 டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. பழனி மலைக்கோயிலில் 2023 அக்டோபர் 1 முதல் தடை வந்தது. சரி, கோயிலுக்குக் கோர்ட் உத்தரவு போட்டது. நம் வீட்டுக்கு யார் போடுவது?

வீட்டு நிலைமையைப் பாருங்கள். அப்பா ஒரு மூலை, அம்மா ஒரு மூலை, பிள்ளை ஒரு மூலை. தட்டில் சோறு ஆறிக் கிடக்கிறது. "பள்ளிக்கூடத்துல இன்னைக்கு என்னடா நடந்துச்சு?" என்று கேட்க நாதியில்லை.

தூக்கமும் போச்சு. குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக வடியும். அதனால் மரம் வெட்டுகிறவர் விடியுமுன்னே எழுந்தாக வேண்டும். ராத்திரி 12 மணி வரை படம் தள்ளிக்கொண்டிருந்தால் உடம்பு தாங்குமா? செம்பனைக் குலை தலைக்கு மேலேயிருந்து விழுகிற பொருள். கீழே நிற்பவர் தூக்கக் கலக்கத்தில் நின்றால் என்ன ஆகும்?

இதற்கு நம்மை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்தப் படங்களுக்கு முடிவே கிடையாது. ஒன்று முடியுமுன் அடுத்தது தானாக வந்து நிற்கும். அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள். நாம் அதிக நேரம் பார்க்கப் பார்க்க, விளம்பரக் காசு கம்பெனிக்குப் போகிறது. வெட்டு முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் சம்பளமில்லாத இன்னொரு வேலை பார்க்கிறோம், தோழர்களே!

மகாராஷ்டிர மாநிலத்தில், சாங்லி மாவட்டத்தில், மோகித்யாஞ்சே வட்காவ் என்றொரு கிராமம். கொரோனா காலத்தில் பாடத்துக்காகக் கைப்பேசி பிடித்த பிள்ளைகள், பள்ளி திறந்த பிறகும் அதைக் கீழே வைக்கவில்லை. 2022 ஆகஸ்டில் ஊர் கூடி ஒரு முடிவு எடுத்தார்கள். மாலை 7 மணிக்குக் கோயிலில் சங்கு ஊதும்; டிவி, கைப்பேசி எல்லாம் நிறுத்த வேண்டும். 8.30க்கு மறுபடி ஊதும். நடுவிலே ஒன்றரை மணி நேரம் பிள்ளைகள் படிப்பார்கள், பெரியவர்கள் பேசுவார்கள். ஊராட்சி ஆட்கள் வீடு வீடாகப் போய் எடுத்துச் சொன்னார்கள்.

இதை நாம் செய்ய முடியாதா? தனி ஆள் நிறுத்தினால் பக்கத்து வீட்டுச் சத்தம் இழுக்கும். லயமே சேர்ந்து நிறுத்தினால் யாருக்கும் கஷ்டமில்லை. கைப்பேசி வேண்டாம் என்று சொல்லவில்லை. பட்டணத்தில் இருக்கும் மகன் கூப்பிடுவான், அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டும். அதற்கு வீட்டுக்கு ஒரு கைப்பேசி மணியடிக்கும்படி அலமாரி மேலே இருக்கட்டும். படம் பார்க்க வேண்டாம். தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்குப் போனவர்களும் தங்கள் மாடியில் இதைச் செய்யலாம்.

அடுத்த தைப்பூச விரதத்தில் கவுச்சியோடு இந்த ஒன்றரை மணி நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பூசம் முடிந்ததும் விட்டுவிடாதீர்கள். பெரட்டுக்குத் துரை அடிக்கச் சொன்ன மணிக்குத் தலைமுறை தலைமுறையாக ஓடினோம். தோட்டத்துக் கோயிலிலும் ஒரு மணி தொங்குகிறது. அதை நம் பிள்ளைகளுக்காக ஒரு தடவை நாமே அடிப்போமே!