ஓட்டிசம்: கல்லடி இசை கல்குடாவுக்கும் வரட்டும்

ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான இசைச் சிகிச்சை பாட்டு வகுப்பன்று. பிள்ளை மேளத்தைத் தட்டினால் சிகிச்சையாளர் அதே தாளத்தில் மறுமொழி தட்டுவார். பிள்ளை நிறுத்தினால் அவரும் நிறுத்துவார். பேச்சு வராத பிள்ளைக்கும் முறைவைத்து உரையாடும் பழக்கம் இவ்வாறு அறிமுகமாகிறது.

இதற்கு மிகையான வாக்குறுதி கொடுக்கலாகாது. ஒன்பது நாடுகளில் 4 முதல் 7 வயது வரையான 364 பிள்ளைகளிடம் நடந்து, 2017இல் வெளியான பெரிய ஆய்வில், ஐந்து மாத இசைச் சிகிச்சை பெற்றவர்களுக்கு, அது இல்லாமல் வழமையான பராமரிப்பு பெற்றவர்களைவிட ஓட்டிசத்தின் முதன்மை அறிகுறிகள் குறிப்பிடத்தக்க அளவு கூடுதலாகக் குறையவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டு 2022இல் வந்த கொக்ரேன் மீளாய்வோ பொதுவான முன்னேற்றத்துக்கும் வாழ்க்கைத் தர உயர்வுக்கும் வாய்ப்புண்டு என்றது. ஆகவே இது பேச்சுச் சிகிச்சைக்கும் தொழில்வழிச் சிகிச்சைக்கும் துணை, மாற்று அல்ல. ‘குணமாக்குவோம்’ என்று காசு கேட்பவரைப் பெற்றோர் நம்பவேண்டியதில்லை.

மட்டக்களப்பில் இசை கற்றவர்களுக்குப் பஞ்சமில்லை. கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமே இருக்கிறது. ஆனால் இசைப் பட்டம் மட்டும் ஒருவரைச் சிகிச்சையாளர் ஆக்காது. பிள்ளை உளவளர்ச்சி, புலனுணர்வுச் சிக்கல்கள் பற்றிய மேற்பார்வையுடனான பயிற்சி வேண்டும். பெருஞ்சத்தத்தைத் தாங்காத பிள்ளைக்கு மேளமே வதையாகும். அந்நிறுவகமும் சுகாதாரத் துறையும் சேர்ந்து அப்பயிற்சியை வகுத்து, அமர்வுகளை இதே மாவட்டத்திலுள்ள கல்குடா கல்வி வலயத்தின் விசேட கல்வி அலகுகளில் தொடங்கலாம்.